வழிக்காவல்

மணிமுத்தாற்றில் அணையையும் அருவியையும் பார்க்க வருகிறவர்கள், மலையடிவாரத்தில் பரந்து கிடக்கும் எங்கள் சிறப்புக் காவல் படை வளாகத்தைக் கடந்து போகிறபோது அதை ஏறிட்டுப் பார்ப்பதுகூட இல்லை; வெளியூர்க்காரர் போகட்டும், கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் குடியிருப்பவர்களுக்கே, பட்டாலியன்காரன் என்றால் விடியற்காலையில் சாலையோரமாக ஓடுகிறவன், தேர்தலுக்கும் கலவரத்துக்கும் லாரி ஏறிப் போகிறவன் என்பதற்கு மேல் அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. அந்த உத்தியோகத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, கடைசிச் சில ஆண்டுகளில் புதிதாகச் சேரும் பையன்களுக்குக் கவாத்தும் கலகக் கட்டுப்பாடும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். கவாத்து மைதானத்தில் சரித்திரம் பேசுகிற வாத்தியார் என்று என்னைப் பற்றி ஒரு பரிகாசம் இருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. ஏனெனில் எங்களைப் போன்ற ஆயுதப் போலீஸ் என்ற ஏற்பாடு இந்தத் தேசத்தில் எதற்காக, யாருக்கு எதிராக, எந்த அவசரத்தில் உண்டாயிற்று என்பதை அறியாமல், லத்தியை எந்தக் கையில் பிடிப்பது என்பதை மாத்திரம் கற்றுக்கொடுப்பது பாதி வேலை என்றே நான் கருதினேன்.

நான் சேர்ந்த காலத்தில், 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் பிரிவதற்கு முன் மலபார் ஸ்பெஷல் போலீசில் சேர்ந்து, பிரிவினையில் சென்னை ராஜ்யத்தின் பங்குக்கு வந்துவிட்ட பழைய ஹவில்தார்கள் சிலர் இன்னும் உத்தியோகத்தில் இருந்தார்கள். சித்தூர்ப் பக்கத்தவரான ஒரு பெரியவர் எங்களுக்குக் கவாத்துச் சொல்லிக்கொடுத்தார். மலையாளமும் தமிழும் இந்துஸ்தானிக் கட்டளைச் சொற்களும் கலந்த அவருடைய பாஷையைப் புரிந்துகொள்ளவே எங்களுக்குச் சில வாரங்கள் பிடித்தன. ராத்திரி பாரா மாறுகிற நேரத்தில் அவர் மலப்புறத்துக் கதைகளைச் சொல்லுவார். அவையெல்லாம் அவருக்கு முந்திய தலைமுறையிடம் அவர் கேட்டவை. எல்லாக் கதையும் 1921 என்ற வருஷத்தில் போய் முடியும்; அல்லது அங்கிருந்து தொடங்கும்.

அந்த வருஷத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லாவின் ஏறநாடு, வள்ளுவநாடு தாலுகாக்களில் மாப்பிள்ளை முஸ்லிம்கள் ஆயுதமெடுத்து, ஆங்கில ஆட்சி ஒழிந்தது, கிலாபத் ஆட்சி வந்தது என்று பிரகடனம் செய்து, சில மாதங்கள் அதை நடத்தியும் காட்டினார்கள். தென்னிந்தியாவில் இஸ்லாமிய அரசு ஒன்றை நாடி எழுந்த ஆயுத இயக்கம் என்று சொல்லத்தக்கது அதுதான். ஆனால் அது அந்த வருஷத்தில் திடீரென்று முளைத்ததன்று. 1836 முதற்கொண்டே அந்தப் பிரதேசத்தில், நிலச்சொந்தக்காரனான ஜன்மியின் மேலும் சர்க்காரின் மேலும் பாய்ந்து, சரணடைய மறுத்துச் செத்துப்போகிற சிறு கூட்டங்களின் கலகங்கள் முப்பதுக்கு மேல் நடந்திருக்கின்றன; 1855இல் கலெக்டர் கனோலியையே அவருடைய பங்களாவில் வெட்டிக் கொன்றார்கள். மதவெறி என்று ஒரே சொல்லில் அதை முடித்துவிட்டவர்கள் உத்தியோகஸ்தர்களில் பலர்; வில்லியம் லோகன் என்பவர் மாத்திரம், குத்தகை நிலத்தின் மேல் இன்னொருவனுக்கு மேல்சார்த்து எழுதிக் கொடுத்து உழுகிறவனைத் துரத்திவிடுகிற வழக்கத்தைச் சுட்டிக்காட்டி, நோய் மண்ணில் இருக்கிறது என்று 1880களிலேயே எழுதிவைத்தார். சர்க்கார் அதைப் படித்துவிட்டு அலமாரியில் பத்திரப்படுத்தியது.

பிறகு முதல் உலக யுத்தம் முடிந்து, துருக்கி சுல்தானான கலீபாவின் கதி என்னவாகுமோ என்ற கவலை உலக முஸ்லிம்களைப் பிடித்த காலத்தில், காந்தியும் ஷௌகத் அலியும் 1920 ஆகஸ்டு 18ஆம் தேதி கோழிக்கோட்டுக் கடற்கரைக்கு வந்து பேசிப் போனார்கள். அவர்கள் சொன்னது அஹிம்சை. ஏறநாட்டுக் குடியானவன் கேட்டுக்கொண்டது, ஆங்கிலேயன் போகப்போகிறான், அவனோடு ஜன்மியும் போகப்போகிறான் என்பது. சபையில் ஒன்று சொல்லப்பட்டுச் சந்தையில் வேறொன்றாகக் கேட்கப்படுவதை நான் என் உத்தியோகத்தில் பல ஊர்களில் கண்டிருக்கிறேன்.

தீப்பற்றிய இடம் திரூரங்காடி. 1921 ஆகஸ்டு 20ஆம் தேதி கலெக்டர் தாமஸ், பட்டாளத்தையும் போலீசையும் சேர்த்துக்கொண்டு, கிலாபத் தலைவரான ஆலி முசலியாரைப் பிடிக்க அந்த ஊருக்குள் போனார். முசலியார் அகப்படவில்லை, மூன்று பேர் அகப்பட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் மம்புறத்தில் அந்த நாட்டு முஸ்லிம்கள் பெரிதும் போற்றும் மம்புறம் தங்கள் என்ற பெரியவரின் அடக்கஸ்தலம் இருக்கிறது. வெள்ளைக்காரப் பட்டாளம் மம்புறம் பள்ளியை இடித்துவிட்டது என்ற வதந்தி, கலெக்டரின் குதிரையைவிட வேகமாக ஓடி, தானூர் வரைக்கும் போய் ஜனங்களைத் திரட்டிக்கொண்டு வந்தது. மம்புறத்துக்குப் படை போகவே இல்லை. ஆயினும் அன்று மாலைக்குள் கூட்டத்தின் மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, ரௌலி என்ற போலீஸ் அதிகாரியும் ஜான்ஸ்டன் என்ற ராணுவ அதிகாரியும் கொல்லப்பட்டு, ஜில்லா நிர்வாகம் கோழிக்கோட்டுக்குப் பின்வாங்கிவிட்டது. கலகக் கட்டுப்பாட்டு வகுப்பில் நான் இந்த ஒரு பகலைத்தான் முதலில் எடுத்துக்கொள்வேன். ஆள் அகப்படாத சோதனைக்குப் பெரும் படையோடு போவதும், வழிபாட்டு ஸ்தலம் உள்ள ஊரில் போன காரியத்தை ஜனங்களுக்குச் சொல்ல ஒருவரையும் நிறுத்தாமல் போவதும், திரும்புகிற பாதையைக் காக்க ஆள் வைக்காமல் போவதும், எழுபது வருஷத்துக்குப் பிறகும் எங்கள் ஆட்கள் செய்துகொண்டிருந்த காரியங்கள்தாம்.

அதன்பின் ஒரு வாரத்துக்கு அங்கே சர்க்கார் என்பது இல்லை. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, தந்திக்கம்பி அறுக்கப்பட்டது, மஞ்சேரியில் கஜானா உடைக்கப்பட்டது, போலீஸ் ஸ்டேஷன்களிலிருந்து துப்பாக்கிகள் போயின. திரூரங்காடியில் ஆலி முசலியார் கிலாபத் அரசராக அமர்ந்து, சந்தை வரியும் தோணிக் கடவும் சுங்கமும் இனித் தம்முடைய ஆட்சிக்குச் சேர வேண்டும் என்று உத்தரவிட்டார். வாரியன்குன்னத்து குஞ்ஞகமது ஹாஜி, பழைய கலகம் ஒன்றில் நாடு கடத்தப்பட்ட குடும்பத்தில் பிறந்து, மக்காவில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி, மாட்டு வண்டி ஓட்டிப் பிழைத்த மனிதர். அவர் தம் எல்லைக்குள் வந்துபோவோருக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். குமரம்புத்தூரில் சீதிக்கோயா தங்கள் என்பவர் தம்மைக் கிலாபத் கவர்னர் என்று சொல்லிக்கொண்டார். வரி, சுங்கம், சீட்டு, கவர்னர்: எதிர்த்து எழுந்தவர்கள் கட்டிய ராஜ்யமும் தாங்கள் வெறுத்த ராஜ்யத்தின் சாயலிலேயே இருந்தது என்பதை ஒரு போலீஸ்காரனாகிய நான் கவனியாமல் இருக்க முடியவில்லை.

அந்த ராஜ்யம் முதன்முதலில் செய்த கொலைகளுள் ஒன்று, ஆனக்கயத்தில் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் கான் பகதூர் சேக்குட்டி சாகிபைக் கொன்று, தலையை ஈட்டியில் குத்தி ஊர்வலம் கொண்டுபோனது. அவரும் மாப்பிள்ளைதான். இஸ்லாமிய அரசு என்ற பெயரால் எழுந்த இயக்கம் முதலில் தன் மதத்துப் போலீஸ்காரனையே துரோகி என்று தீர்த்துக்கட்டியதை, ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த சண்டை என்று மாத்திரம் இதைச் சொல்லுகிறவர்கள் விட்டுவிடுவார்கள். இதைக் குடியானவர் புரட்சி என்று மாத்திரம் சொல்லுகிறவர்களோ, துவ்வூர்க் கிணற்றை விட்டுவிடுவார்கள். அங்கே செப்டம்பர் மாதக் கடைசியில், பட்டாளத்துக்கு உதவினார்கள் என்ற குற்றஞ்சாட்டி, முப்பதுக்கும் மேற்பட்டோரை, பெரும்பாலும் ஹிந்துக்களை, வெட்டிக் கிணற்றில் தள்ளினார்கள். கட்டாய மதமாற்றங்களும் நடந்தன. குமாரன் ஆசான் 1922இல் எழுதிய துரவஸ்தை அந்த நாட்களின் துயரத்தைப் பொருளாகக் கொண்டது. ஹாஜியோ, மதமாற்றம் தம் ஆட்கள் செய்ததன்று என்று மறுத்து எழுதிய கடிதம் அந்த அக்டோபரில் ஹிந்து பத்திரிகையிலேயே வந்தது. பின்னாளில் கேரள சர்க்கார் 1971இல் இவர்களைச் சுதந்திரப் போராட்ட வீரர்கள் என்று அங்கீகரித்ததும், ஐம்பது ஆண்டு கழித்து 2021இல் மத்திய அரசின் சரித்திர ஆராய்ச்சிக் குழு ஒன்று 387 பெயர்களைத் தியாகிகள் அகராதியிலிருந்து நீக்கச் சொன்னதும், இந்த வழக்குக்கு இன்னும் தீர்ப்பு எழுதப்படவில்லை என்பதற்கு அடையாளம். எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு: அது நிலத்துக்கான கோபமாகத் தொடங்கி, மதத்தின் கொடியைப் பிடித்துக்கொண்டு, அதிகாரம் கைக்கு வந்த மாத்திரத்தில் அண்டை வீட்டாரைப் பிரஜையாக அல்லாமல் ஒற்றனாகப் பார்க்கத் தலைப்பட்டது, எந்த மதத்தின் பெயரால் அமைந்தாலும் ஆயுதத்தால் எழும் ராஜ்யத்துக்கு நேரக்கூடியது இதுவே.

சர்க்கார் திரும்பி வந்தது. ஆகஸ்டு 26ஆம் தேதி பூக்கோட்டூரில் சில நூறு மாப்பிள்ளைகள் இயந்திரத் துப்பாக்கிகளின் முன் வந்து விழுந்தார்கள். லங்காஸ்டர் என்ற போலீஸ் அதிகாரியும் அன்று மாண்டார். சில நாள் கழித்து ஆலி முசலியார் சரணடைந்தார். ராணுவச் சட்டம், டார்செட் ரெஜிமெண்டு, கூர்க்கா, சின்-கச்சின் என்று படைமேல் படை வந்தும் காட்டுக்குள் பதுங்கிய சிறு கும்பல்களைப் பிடிக்க முடியாமல் போனபோது, ஜில்லா போலீஸ் கண்காணிப்பாளர் ஹிட்ச்காக், ராணுவத்தைப் போல ஆயுதமும் போலீசைப் போல ஊர்ப் பழக்கமும் உடைய ஒரு படையை அந்தச் செப்டம்பர் கடைசியில் திரட்டினார். அதுதான் மலபார் ஸ்பெஷல் போலீஸ்; எங்களைப் பெற்றவள் என்று என் ஹவில்தார் சொல்லுவது அதைத்தான். அடுத்த ஜனவரித் தொடக்கத்தில் ஹாஜியைக் காட்டில் பிடித்து, 20ஆம் தேதி மலப்புறத்துக் கோட்டைக்குன்றில் சுட்டு, சமாதி எழும்பக் கூடாதென்று உடலை எரித்துவிட்டார்கள். கோட்டைக்குன்று இப்போது பூங்கா. ஓய்வுக்குப் பிறகு நான் போயிருந்தபோது குழந்தைகள் அங்கே படகு பொம்மையில் சவாரி செய்துகொண்டிருந்தன. ஆலி முசலியாரை 1922 பிப்ரவரி 17ஆம் தேதி கோயம்புத்தூர் மத்திய சிறையில் தூக்கிலிட்டார்கள். சர்க்கார் கணக்கில் கலகக்காரர் தரப்பில் இறந்தவர்கள் 2,339 பேர். சரணடைந்தவர்கள் 39,348 பேர்.

இந்தக் கடைசி எண்ணை நான் பையன்களிடம் அழுத்திச் சொல்லுவேன். இயந்திரத் துப்பாக்கி 2,339 பேரை முடித்தது. ஆயுதத்தைப் போட்டுவிட்டு வந்தால் வழியுண்டு என்று தெரிந்தபோது வந்தவர்கள் அதைப்போலப் பதினாறு மடங்குக்கும் மேல். கலைந்துபோகிற கூட்டத்துக்குப் போகிற பாதையைத் திறந்துவிட்டுத்தான் லத்தியோடு நெருங்க வேண்டும் என்று எங்கள் கவாத்திலேயே இருக்கிறது. அதை மறந்தால் என்ன ஆகும் என்பதைத் திருநெல்வேலிக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. 1999 ஜூலை 23ஆம் தேதி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகப் போன ஊர்வலத்தில் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணிக்குள் இறங்கியவர்களில் 17 பேர் கரையேறவில்லை.

இனி வழிக்காவலுக்கு வருகிறேன். கைதியை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுபோகும் அந்த வேலை முறையாக மாவட்ட ஆயுதப்படையினருடையது. ஆயினும் ஆள் போதாத காலங்களில் எங்களையும் கூப்பிடுவார்கள். கைதி தப்பினால் காவலனுக்கு வேலை போகும் என்பதால், வழிக்காவலுக்குப் போகிறவன் மனத்தில் விலங்கும் பூட்டும் சாவியும் தவிர வேறொன்றும் இராது. என் ஹவில்தார் மட்டும் வேன் புறப்படுமுன் பின்கதவருகில் வந்து நின்று, உள்ளே கையை நீட்டிப் பார்ப்பார். "பூட்டுப் போட்டாச்சான்னு அப்புறம் பாரு, காத்து வருதான்னு மொதல்ல பாரு" என்பார். ஏன் ஐயா என்று கேட்டதற்கு அவர் சொன்னதுதான் போத்தனூர்க் கதை.

1921 நவம்பர் 19ஆம் தேதி மாலை, கலகத்தில் பிடிபட்ட ஏறக்குறைய நூறு பேரை, 97 மாப்பிள்ளைகளும் மூன்று ஹிந்துக்களும் என்று சொல்லுவார்கள், திரூர் ஸ்டேஷனில் 1711ஆம் நம்பருள்ள ஒரு மூடிய சரக்கு வண்டியில் ஏற்றிக் கதவைப் பூட்டினார்கள். சேரவேண்டிய இடம் பெல்லாரி ஜெயில். கைதிகளை இப்படிச் சரக்கு வண்டியில் அனுப்புவது அந்த மாதங்களில் புதிதன்று, முன்னரும் அனுப்பியிருந்தார்கள். இந்த வண்டிக்கு மாத்திரம் சமீபத்தில் வர்ணம் பூசியிருந்தது. காற்றுக்காக வைத்திருந்த துளைகளின் மேல் அடித்த கம்பிவலையை அந்த வர்ணம் அடைத்துவிட்டிருந்தது. உள்ளேயிருந்து கூச்சல் எழுந்தது, தட்டினார்கள், ஷோரனூரிலும் ஒலவக்கோட்டிலும் ரயில் நின்றது, அடுத்த பெட்டியில் இருந்த சார்ஜெண்டும் போலீசாரும் கதவைத் திறக்கவில்லை. நடுநிசி கடந்து போத்தனூரில் திறந்தபோது 56 பேர் பிணமாகக் கிடந்தார்கள். பிற்பாடு இறந்தவர்களையும் சேர்த்து 70. பிழைத்தவர்கள் பிற்காலத்தில் சொன்னவற்றில் ஒன்று என் மனத்தைவிட்டு நீங்காதது: ஆணி கழன்றுபோன ஒரு சிறு துவாரத்தில் முறைவைத்து மூக்கை ஒட்டிக்கொண்டு சுவாசித்தார்களாம்.

இதை ஏன் கலகத்தின் சரித்திரத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டால், கலகம் எதைச் சாதித்ததோ தெரியாது, அந்த ஒரு வண்டி, திரூரங்காடிப் பிரகடனம் சாதிக்காததைச் சாதித்துவிட்டது. துவ்வூரை அறியாத தேசம் முழுவதும் போத்தனூரை அறிந்தது. ஆயுதமெடுத்தவனுடைய குற்றம் அத்தனையும் காவலனுடைய ஒரு பூட்டுக்குப் பின்னால் மறைந்துபோயிற்று. திரூரில் இன்று அந்தச் சம்பவத்தின் பெயரால் நகரசபை மண்டபமே இருக்கிறது.

கோயம்புத்தூருக்கு நான் போனது 1998 பிப்ரவரியில். அதற்கு முந்திய நவம்பர் 29ஆம் தேதி செல்வராஜ் என்ற போக்குவரத்துக் காவலர் அல்-உம்மா இயக்கத்தவரால் குத்திக் கொல்லப்பட்டதும், அடுத்த இரண்டு நாள் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலுமாக 18 முஸ்லிம்கள் இறந்ததும், அதற்குப் பழியென்று பிப்ரவரி 14ஆம் தேதி பா.ஜ.க. தலைவர் அத்வானி பேச வேண்டிய நாளில் நகரத்தின் பதினோரு இடங்களில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டதும் எல்லோரும் அறிந்தவை. பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின் 1993இல் எஸ். ஏ. பாஷா தொடங்கிய அந்த இயக்கம் 1921ஐப் போல ஒரு நாட்டைப் பிடிக்கவோ சுங்கம் வசூலிக்கவோ முயன்றதில்லை. பழிவாங்குதலுக்கு மேல் அதற்கு ஒரு ராஜ்யத் திட்டம் இருந்ததாக நான் காணவில்லை. பிற்காலத்தில், 2014இல் மோசூலிலிருந்து கிலாபத்தை அறிவித்தவர்களின் பேச்சைத் தொலைபேசித் திரையில் கேட்டு, 2019 ஈஸ்டரில் இலங்கையிலே தேவாலயங்களில் வெடித்தவர்களுக்கு ராஜ்யம் என்பது கண்ணால் காணாத தூரதேசம். உழுகிற மண்ணின் கோபம்கூட அதில் இல்லை. ஏறநாட்டைவிட இது பயங்கரமானது என்பேன். சந்தை வரி போடுகிறவனோடு என்றைக்காவது பேசலாம்.

எங்கள் பிளட்டூன் கோட்டைமேட்டுச் சந்து ஒன்றின் முகப்பில் மணல்மூட்டை அடுக்கிப் பிக்கெட் நின்றது. அதில் மேலப்பாளையத்து முஸ்லிம் பையன் ஒருவன் இருந்தான். சட்டைப் பையின் மேல் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டையைத்தான் அந்தச் சந்தில் எல்லோரும் முதலில் படித்தார்கள். வீட்டுப் பெண்கள் அவன் பெயரைப் படித்துவிட்டு முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். கடைவீதியிலிருந்து வந்த வியாபாரிகள் அவன் பெயரைப் படித்துவிட்டு, தாங்கள் சொல்லவந்த புகாரை என்னிடம் வந்து சொன்னார்கள். இரு தரப்பாரும் அவனைச் சந்தேகித்தார்கள். பட்டையைக் கழற்றிவிடட்டுமா என்று மற்றவர்கள் அவனுக்காகக் கேட்டபோது, அவனே, "கழட்டினா யூனிஃபார்ம் சரியில்லன்னு நீங்கதானய்யா சார்ஜ் எழுதுவீங்க" என்று சிரித்துவிட்டு நேராக்கிக் குத்திக்கொண்டான். ஆனக்கயத்துச் சேக்குட்டி சாகிபைப் பற்றி நான் அவனிடம் அப்போது சொல்லவில்லை. அது சொல்லுவதற்கான இடமில்லை.

வீடுகளைச் சோதனையிடும்போது அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு சொல்லியபடி, அந்த வட்டாரத்து இரண்டு சாட்சிகளை வைத்து, பெண்கள் ஒதுங்க அவகாசம் கொடுத்து, எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அவசரத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று எங்கள் ஆட்களே முணுமுணுத்தார்கள். நடந்த வீடுகளில் மறுநாள் அந்த வீட்டுக்காரர் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்; நடக்காத வீடுகளில் முகத்தைத் திருப்பவில்லை, உற்றுப் பார்த்தார். இரண்டாவதைத்தான் நான் அஞ்சினேன். அந்தக் குண்டுவெடிப்பு வழக்கில் 158 பேர் தண்டனை பெற, கேரளத்து அரசியல் தலைவர் மஅதனி 2007 ஆகஸ்டில் குற்றமற்றவரென்று வெளியே வந்தபோது அவர் ஒன்பது வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டிருந்தார்.

மணிமுத்தாற்று மைதானத்துப் புளியமரத்தடியில் போத்தனூர்க் கதையைச் சொல்லிமுடித்ததும் பையன்கள் கேட்கிற முதல் கேள்வி எல்லா அணியிலும் ஒன்றேதான்: அந்த சார்ஜெண்டுக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள்? நாப் என்ற அதிகாரியின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது, சார்ஜெண்டின் மேல் வழக்கும் போட்டார்கள், தண்டனை ஒன்றும் விழவில்லை, இறந்தவன் குடும்பத்துக்கு 300 ரூபாய் கொடுத்தார்கள் என்பேன். ஒரு வருஷம், விளாத்திகுளம் பக்கத்துப் பையன் ஒருவன் பின்வரிசையிலிருந்து எழுந்து, "வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சது ரயில்வேக்காரன், பூட்டுனது நம்மாளு. கதவத் தொறக்கணும்னா யார்கிட்ட ஐயா உத்தரவு கேக்கணும்?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். உத்தரவு கேட்க வேண்டியதில்லை, பெட்டிக்குள் சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்தித் திறந்துவிட்டுப் பிறகு குறிப்பேட்டில் எழுது, தப்பிப் போனால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லி, அவனையே மைதானத்தோரம் நின்ற பழைய வேனுக்குள் ஏற்றிப் பின்கதவைச் சாத்தி, மற்றவர்களை ஒவ்வொருவராகச் சன்னல் கம்பியில் கை வைத்துக் காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.